ஐயத்தின் பயன் எவர்க்கு?

(பேராதனையில் தமிழ் மாணவரும் ஊர்ப் பெரியோரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கொலை வழக்கு என்றவுடன் ஊர் கேட்கும் கேள்வி, "கொன்றவன் யார்?" என்பதாகும். நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வியோ வேறு. "இவன்தான் கொன்றான் என்பது ஐயத்துக்கு இடமின்றி எண்பிக்கப்பட்டதா?" என்பதே அது. இவ்விரு கேள்விகளுக்கும் இடையில்தான் ஒரு மனிதனுடைய உயிர் ஊசலாடுகிறது. நாம் கூடியிருக்கும் இவ்விடத்திலிருந்து நாலு மைல் சென்றால் போகம்பரை. 1876 இல் எழுந்து 2014 இல் மூடப்பட்ட அச்சிறையிலே தூக்குமேடை ஒன்று இருந்தது. அதில் ஏறியவர்களுள் எத்தனை பேர் முதற் கேள்விக்குப் பலியானார்கள், எத்தனை பேர் இரண்டாவது கேள்வியின்படி தண்டிக்கப்பட்டார்கள் என்பதை எவரும் இனி அறிய முடியாது. தூக்கிலிடப்பட்டவனுக்கு மேன்முறையீடு இல்லை.

தமிழராகிய நாம் இவ்வுண்மையைச் சட்டப் புத்தகத்திலிருந்து கற்க வேண்டியவர்களல்லர். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியது மேன்முறையீடுதான். ஆனால் அது காலங்கடந்து வந்த மேன்முறையீடு. தீர்ப்புத் திருந்தியது, கோவலன் திரும்பவில்லை.

டவ் இல்லத்து வழக்கு

நமது நாட்டில் நடந்த வழக்கொன்றைச் சொல்கிறேன். 1933 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15 ஆம் நாள், கொழும்பில் டவ் இல்லம் என்னும் மாளிகையில் ஒரு பெண்மணி இறந்தார். சாவுக்குக் காரணம் குளோரோபோம். அதை அவர் தாமே கையாண்டாரா, பிறர் செலுத்தினாரா? கண்ணாற் கண்ட சாட்சி எவருமிலர். கணவர் ஸ்டீவன் செனவிரத்ன மீது கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு யூரர் எழுவர் முன்னிலையில் விளக்கம் நடந்தது. ஐவர் குற்றவாளி என்றனர், இருவர் உடன்படவில்லை. அக்காலச் சட்டப்படி அந்த ஐவரின் முடிவே போதுமானதாயிற்று. மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் தூக்குக் கயிறு விலகியது; ஆனால் சிறைக் கதவு திறக்கவில்லை.

அவர் எங்கே முறையிடுவது? அன்று இந்நாட்டில் யூரர் தீர்ப்பின்மீது மேன்முறையீடு கேட்க ஒரு நீதிமன்றமே இல்லை. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1938 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால்தான் பிறந்தது. அதற்கு முன் ஒரே வழி கடல் கடந்து இலண்டன் சென்று, கோமறைக் கழகத்தின் விசேட அனுமதியைப் பெறுவதே. செனவிரத்ன குடும்பம் வசதி படைத்த குடும்பம், அவ்வழியிற் சென்றது. வன்னியிலே வயல் உழுதவனும், மலையிலே கொழுந்து பறித்தவளும் செல்லக்கூடிய வழியா அது?

1936 இல் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைத் தள்ளி, அவரை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களே நமக்கு முக்கியம்.

எமது சாட்சிக் கட்டளைச் சட்டத்திலே 106 ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. ஒருவனுடைய அறிவுக்குச் சிறப்பாக உட்பட்ட ஒரு சங்கதியை எண்பிக்கும் பொறுப்பு அவனையே சாரும் என்பது அப்பிரிவு. அதைக் கையிலெடுத்து, "வீட்டுக்குள்ளே மனைவி இறந்தாள், வீட்டிலே இருந்தவன் கணவன், நடந்ததை அவனே சொல்லட்டும், சொல்லாவிட்டால் அவனே கொலைகாரன்" என்று வாதிப்பது எளிது. கேட்பவர் காதுக்கும் அது நியாயம்போலவே படும். ஆனால் அந்த வாதத்தை ஏற்றால் விளைவு என்ன? கொன்றானா இல்லையா என்பதை எதிரியைவிட நன்றாக அறிந்தவன் எவன்? அப்படியானால் ஒவ்வொரு கொலை வழக்கிலும், தான் கொல்லவில்லை என்பதை எதிரியே எண்பிக்க வேண்டியதாகிவிடும்! கோமறைக் கழகம் இதற்கு இணங்கவில்லை. அதே 1936 இல் இலங்கையிலிருந்து சென்ற அத்திகல வழக்கிலும் இணங்கவில்லை. குற்றம் நடந்ததென்று காட்டும் பொறுப்பு வழக்குத்தொடுநருடையது. அது எதிரியின் தோளுக்கு மாறாது என்று தீர்ந்தது.

இன்னொன்றும் சொல்லப்பட்டது. நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இன்றியமையாத சாட்சியை, அவர் சொல் எப்பக்கம் சாய்ந்தாலும், வழக்குத்தொடுநர் அழைக்க வேண்டும். தமக்கு வாய்ப்பானவரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவரை மறைத்தல் ஆகாது.

1956 இல் இந்திய உயர் நீதிமன்றம் சம்புநாத் மெஹ்ரா வழக்கிலே 106 ஆம் பிரிவின் எல்லையை வரையறுத்தபோது, இந்த இரண்டு இலங்கை வழக்குகளையும் பெயர் சொல்லி எடுத்தாண்டது. இச்சிறு தீவின் வழக்குகள் அப்பெருநாட்டின் எதிரிகளுக்கும் கவசமாயின.

கமக்காரர் அறிந்த நியாயம்

கமக்காரப் பெரியோர்களே! இது உங்களுக்குப் புதிய நியாயமன்று. உங்கள் காணி தன்னுடையது என்று ஒருவன் வழக்கு வைத்தால், உறுதியைக் காட்ட வேண்டியவன் அவனா, நீங்களா? ஒரு பரப்புக் காணிக்கு உள்ள இந்தக் காவல் ஒரு மனித உயிருக்கு வேண்டாமா?

ஆனால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த நியாயத்தைத் தலைகீழாகப் புரட்டியது. பொலிஸ் உதவி அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சான்றாகும் என்றது, அதன் 16 ஆம் பிரிவு. அது வருத்திப் பெறப்பட்டது என்றால், அதை எண்பிக்கும் பொறுப்பையும் எதிரிமேலேயே சுமத்தியது. பூட்டிய அறையிலே அடிபட்டவன் அடித்ததற்குச் சாட்சி கொண்டு வரவேண்டும்! சிங்கராசா வழக்கிலே ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றைக் கொண்டே 1995 இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாயிற்று. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, இவ்வாறு பொறுப்பை மாற்றியது நேர்மையான விளக்கத்துக்கு மாறானது என்று கண்டது. 2006 இல் எமது உயர் நீதிமன்றம் அம்முடிவுக்கு இந்நாட்டிலே வலுவில்லை என்றது. கோமறைக் கழகத்துக்கான வழியோ 1971 இலேயே அடைபட்டுவிட்டது.

கசப்பான சோதனை

இனி ஒரு கசப்பான சோதனைக்கு வருகிறேன். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் நாள், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமிலே, பொலிசார் நிலைகொண்டிருந்த இடத்திலேயே, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கூட்டமொன்றினால் கொல்லப்பட்டனர். நாற்பத்தொருவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 2003 இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்து உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அந்த ஐவருள் ஒருவர்மீதேனும் தண்டனை நிற்கவில்லை. சாட்சியம் போதாதென்பதே காரணம்.

அன்று என் நெஞ்சும் கொதித்தது. "ஐயத்தின் பயன் எதிரிக்கு என்று மேடையிற் பேசுகிறீரே, இதற்கு என்ன சொல்வீர்?" என்று நீங்கள் கேட்கலாம். என் விடை இது. அந்த விதியை நான் கைவிடேன். நமது பிள்ளை எதிரிக் கூண்டில் நிற்கும்போது ஒரு விதியும், நமது பிள்ளையைக் கொன்றவன் நிற்கும்போது வேறொரு விதியும் கேட்போமானால், நாம் கேட்பது நீதியன்று, பழி. நாம் வழக்காட வேண்டியது புலனாய்வோடு. பட்டப்பகலிலே, பொலிசார் பார்த்திருக்க நடந்த கொலைக்குப் போதிய சாட்சியம் திரட்டப்படவில்லை என்றால், அந்தப் பழி எண்பிக்கும் விதியினுடையதன்று, திரட்டக் கடமைப்பட்டவர்களுடையது. தமிழனைத் தண்டிக்க ஒரு வாக்குமூலத் தாள் போதும், தமிழனைக் கொன்றவனைத் தண்டிக்க எதுவும் போதாது என்னும் நிலையையே நாம் எதிர்க்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இரண்டு. பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்கி, எண்பிக்கும் பொறுப்பை எதிரிமேல் சுமத்தும் ஏற்பாடு எந்தச் சட்டத்தில், எந்தப் பெயரில் வந்தாலும் நிற்கலாகாது. பொலிசார்மீது குற்றம் எழும்போது அதைப் புலனாய்பவர் பொலிசார் ஆகார்.

வீட்டுக்குச் செல்லுமுன் மூன்று சொல் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிடாதீர்கள். மேல் நீதிமன்றம் தண்டனை விதித்தால் மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்தான் உண்டு. சிறையில் இருப்பவர் சிறையதிகாரியிடம் தெரிவித்தே முறையிடலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லையேல் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். இலண்டன்வரை செல்லும் செல்வம் இருந்தவர்க்கே 1936 இல் நீதி கிட்டியது. அந்த நீதி போகம்பரை வாசலில் நின்று அழுத ஏழைத் தாய்க்கும் கிட்டும் நாளே நாம் உழைக்க வேண்டிய நாள்.