ஆற்றங்கரையும் கடற்கரையும்



என்னை வாழ்த்துரை வழங்கப் பணித்திருக்கிறார்கள். வட்டம் நீடு வாழ்க என வாழ்த்திவிட்டு, ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இம்மேடையில் விடை கூற அனுமதி வேண்டுகிறேன். நம் கூட்டங்களில் கவிதை படித்துவரும் இளைஞர் ஒருவருக்கு இளங்கலைத் தமிழ் பயில இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று குடந்தை அரசு கலைக் கல்லூரி. மற்றொன்று சென்னை மாநிலக் கல்லூரி. "ஐயா, எதில் சேரட்டும்?" என்றார். நான் குடந்தையில் படித்தவன். சற்றும் தயங்காமல் "குடந்தைதான்" என்றேன். வீடு திரும்பியதிலிருந்து அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்போது என் நெஞ்சில் நின்றவர் உ.வே.சா. அவர் இவ்விரு கல்லூரிகளிலும் ஆசிரியராக இருந்தவர். 1880 முதல் 1903 வரை குடந்தை. பின்னர் 1919 வரை சென்னை. சீவக சிந்தாமணி 1887இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் வெளிவந்தன. நான்கும் குடந்தைக் காலத்துப் பதிப்புகள். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசாமி முதலியார் கேட்டதும் அவ்வூரில்தான். காவிரிக்கரையும் மடங்களின் தொடர்பும் அமைந்த சிற்றூர் வாழ்க்கையே தமிழுக்கு உகந்தது என்று நெடுங்காலம் பேசிவந்தவன் நான்.

ஆனால் சிந்தாமணி அச்சேறியது சென்னையில். அவர் விடுமுறை நாள்களில் அங்கே சென்று தங்கி அச்சுப்படி திருத்த வேண்டியிருந்தது. இதை நான் மேடைகளில் சொன்னதில்லை. என் வாதத்துக்கு அது வசதியாக இல்லை.

கணித மேதை இராமாநுசனையும் எண்ணிப் பார்க்கிறேன். 1904இல் குடந்தைக் கல்லூரியில் சேர்ந்தவர், உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேறவில்லை. கல்லூரி என்ற அளவில் இரண்டும் அவரைத் தவறவிட்டவையே. எனினும் தம் கணக்குகளைப் படித்தறியக்கூடியவர்களை அவர் கண்டடைந்தது சென்னையில். 1912இல் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தார்.

என் செய்தியும் ஒன்று உண்டு. குடந்தையில் மாலை வகுப்பு முடிந்தபின் ஆசிரியரோடு நடந்தே போவோம். பாடம் அவர் வீட்டுத் திண்ணை வரை தொடரும். அந்தப் பேறு பெருநகரத்தில் எளிதில் வாய்க்காது. ஆனால் மூன்றாண்டுகளும் என் கவிதைகளைக் கேட்டவர்கள் அதே பன்னிரண்டு பேர். அவர்கள் நன்று என்றதை உலகமே நன்று என்றதாகக் கொண்டேன். அந்த மயக்கம் தெளிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எழுதுகிற வேகம் போய்விட்டது.

இந்த இளைஞருக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. அவையில் வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவோம், சொல்லித்தான் ஆகவேண்டும். நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னதும் கேட்பவர் மனத்தில் அவருடைய தெரு வந்து நிற்கிறது. கவிதை பிறகுதான் வருகிறது. அவரைப் பாராட்டியவர்களிலும் சிலர் அந்தத் தெருவை மனத்தில் வைத்துக்கொண்டே பாராட்டினோம். நானும் அதற்கு விலக்கல்லன். சென்னையிலும் சாதி இல்லாமல் போய்விடவில்லை. எனினும் கன்னிமாரா நூலகத்தில் அவர் எதிரே அமர்ந்து படிப்பவருக்கு அவருடைய தெரு எது என்று தெரியாது. அவருடைய வயதில் அது சிறிய விடுதலை அன்று.

தம்பி, சென்னைக்கே செல்லுங்கள். முதல் ஆண்டு தனிமை வருத்தும். பெரிய வகுப்பில் ஆசிரியர் உங்கள் பெயரை அறியவே மாதங்கள் ஆகலாம். ஊருக்கு வரும்போதெல்லாம் இவ்வட்டத்துக்கு வந்து, புதிதாக எழுதியதைப் படியுங்கள். நாங்கள் குறை சொல்கிறோம்.

கட்டணம் செலுத்த வெள்ளிக்கிழமை இறுதி நாள். நான் முன்பு சொன்ன விடையை அவர் தம் தாயாரிடம் தெரிவித்துவிட்டாராம். அந்த அம்மையாரும் மகன் அருகிலேயே இருப்பான் என மகிழ்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் நானே அவர்கள் இல்லத்துக்குச் சென்று, மாற்றிச் சொல்ல இருக்கிறேன்.