பிரான்சில் ஆங்கிலம் கற்பிக்கும் அமெரிக்கர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரில் குடியேறி வாழும் நாம், ஆண்டுக்கொரு முறை கூடித் தமிழைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் இன்று சற்றே விலகி, தம் தாய்மொழியையே கைமுதலாகக் கொண்டு அயல்நாடு சென்று வாழும் ஒரு சாராரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு மொழி கற்பிப்பது என் தொழில். ஆதலின், பிரான்சில் ஆங்கிலம் கற்பித்துத் திரும்பிய அமெரிக்க இளைஞர் சிலரோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நம் நாட்டிலிருந்தும் இளைஞர் சிலர் இப்பணிக்குச் செல்கின்றனர். இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர்க்கு இச்செய்தி பயன்படினும் படலாம்.

அயல்மொழி ஆசிரியருக்குத் துணையாக, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைப் பள்ளியில் அமர்த்தும் முறை பிரான்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நிலவி வருகின்றது. அவரை ‘அசிஸ்தான்’ என்பர். பள்ளிக்கு மேற்பட்ட நிலையங்களிலும் இதையொத்த பணியுண்டு. அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், 1928 முதல் 1930 வரை பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் நொர்மால் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தவரே. இன்று அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் செல்கின்றனர். இருபதுகளில் இருப்போரே அவருட் பெரும்பாலோர். பணிக்காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய ஏழு மாதம். வாரத்துக்கு 12 மணி நேரமே வகுப்பு. கேட்டவுடன் பொறாமை கொள்ளாதீர்கள். ஊதியமும் அதற்குத் தக்கதே. பிடித்தங்கள் போக மாதம் 800 யூரோ அளவில் கைக்கு வரும். விரும்பும் வட்டாரங்களைக் குறிப்பிடலாமே ஒழிய, ஊரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. பாரிசைக் கனவு கண்டு புறப்பட்டவர், ஒரு தேவாலயமும் இரண்டு ரொட்டிக் கடையும் உள்ள சிற்றூரில் சென்று இறங்குவதுண்டு. அவர் முகம் வாடும். ஆனால் பாரிசில் ஒரு சிற்றறையின் வாடகையே அவ்வூதியத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிற்றூரில் அதைக்கொண்டு ஓரளவு வாழலாம். வாடிய முகத்தோடு சென்றவரே வாய்ப்புப் பெற்றவர் என்பது என் கருத்து.

சென்று சேர்ந்த முதல் மாதம் காகிதங்களோடு போராடும் மாதம். ஊதியம் பெற வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்கக் குடியிருக்கும் முகவரிக்குச் சான்று வேண்டும். முகவரி பெற வீடு வேண்டும். வீட்டுக்காரரோ சம்பளச்சீட்டும் பிணை நிற்க ஓர் ஆளும் கேட்பார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்குப் பிரெஞ்சு நாட்டு உரை இது. பள்ளியிலேயே ஓர் அறை ஒதுக்கப்பெற்றவர் தப்பினார்.

இந்த அலுவலகங்களில் ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதுவதே பெரிய தேர்வு. பிரான்சில் பத்து இலக்கங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து எண்களாகச் சொல்வார்கள். பிரெஞ்சில் எழுபது என்பது ‘அறுபத்துப்பத்து’, எண்பது ‘நாலிருபது’, தொண்ணூற்றெட்டு ‘நாலிருபது பதினெட்டு’. கேட்பவர் எண்பது என்று எழுதி முடிக்குமுன் அது தொண்ணூற்றெட்டாகிவிடும். அதை அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த இரண்டு எண்கள் போய்விடும். (தொண்ணூறு என்று நூற்றைத் துணைக்கழைக்கும் நாம் இதைக் கண்டு நகைக்கத் தகுதியுடையோமா என்பது வேறு கேள்வி.) எழுத்திலும் இடர்ப்பாடே. பிரெஞ்சுக்காரர் எழுதும் ஒன்று அமெரிக்கர் கண்ணுக்கு ஏழாகத் தோன்றும். மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதிப் பழகிய கைக்கு, நாளை முன்னே எழுதுவதும் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று.

‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் நாயையும் நாட்டுத் தலைவரையும் அழைத்துப் பழகியவர், தலைமை ஆசிரியரிடம் எதைச் சொல்வது, உடன் உழைக்கும் இளைய ஆசிரியரிடம் எதைச் சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தயங்குவார். இவ்வொன்றில் தமிழர் பிறப்பிலேயே தேர்ந்தவர்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ஆசிரியர் வகுப்பில் ஒரு பகுதியினரைப் பிரித்து இவரிடம் ஒப்படைப்பார். பேச வைப்பதே இவர் கடன். மாணவர்க்கு இலக்கணம் ஓரளவு தெரியும். ஆயினும் வாய் திறக்க அஞ்சுவர். இருபதுக்கு மதிப்பெண் இடும் அந்நாட்டில் பதினான்கு பெற்றால் நல்ல மாணவன். இருபது பெற்றாரைக் காண்பது அரிது. பிழையை எண்ணிக் குறைப்பதே மதிப்பீடு என்ற சூழலில் வளர்ந்த பிள்ளை, பிழையோடு பேசுவதைவிடப் பேசாதிருப்பதே நலம் என்று முடிவு செய்கிறது. எதற்கெடுத்தாலும் ‘மிக நன்று’ என்று தட்டிக் கொடுக்கும் அமெரிக்கர் அங்கே புதுமைப் பொருள். இரண்டும் மிகையே, எனினும் மொழி கற்கும் பிள்ளைக்கு அமெரிக்கரின் மிகையே நன்மை செய்வது என்பேன்.

பாடநூலோ பெரும்பாலும் இங்கிலாந்து வழக்கைத் தழுவியது. இவர் ‘எலிவேட்டர்’ என்றால், நூலில் ‘லிப்ட்’ என்றன்றோ இருக்கிறது என்று பிள்ளைகள் திருத்துவார்கள். தாய்மொழியிலேயே திருத்தப்படுவது இவருக்குப் புதிய அனுபவம். பிரெஞ்சு நாவுக்கு ‘ஹ’ ஒலி அயல் ஒலியாதலின், பசிக்கிறது என்று சொல்ல முயலும் மாணவன் சினமாயிருக்கிறேன் என்று சொல்லி முடிப்பான். பன்னிரண்டு மணிக்கு அது இரண்டுமே உண்மையாக இருக்கக் கூடும். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து மெய்யாகவே உண்டா, உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பவை தவறாது எழும் கேள்விகள். காலைதோறும் கொடிக்கு உறுதிமொழி கூறும் அமெரிக்கப் பள்ளி வழக்கத்தைச் சொன்னால் அப்பிள்ளைகள் வியப்பர். மதச் சின்னங்களை வெளிப்பட அணிந்து அரசுப் பள்ளிக்கு வருவதைத் தடுக்கும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்து இவர் வியப்பார்.

வகுப்பில் ஆசானாக நிற்பவர், பள்ளி வாயிலைக் கடந்ததும் குழந்தையாகிவிடுகிறார். நினைப்பது இருபத்திரண்டு வயதினர்க்குரியது. சொல்ல வருவது ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சு. மருத்துவரிடம் வலியை விளக்கச் சொல் கிடைக்காது. கடையில் வரிசையில் நிற்போர் பெருமூச்சு விடுவர். தம் நாட்டில் ஆங்கிலம் தடுமாறிய புதுக்குடியினரைக் கண்டபோது தாமும் அவ்வாறே பெருமூச்சு விட்டதை அப்போதுதான் பலர் நினைத்துப் பார்க்கின்றனர்.

ஆனால் ஓர் இடர் உண்டு. மாணவர் ஆங்கிலமே பேச வேண்டும் என்பதற்காக, ‘உமக்குப் பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்’ என்று ஆசிரியர் பலர் இவர்க்குச் சொல்லி வைப்பர். மாலையில் சோர்ந்து திரும்பினால், அருகில் பணிபுரியும் பிற அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கூடிப் பேசுவதும் ஆங்கிலமே. இவ்வாறு ஏழு மாதம் பிரான்சில் இருந்தும் பிரெஞ்சு கல்லாமல் திரும்புவது எளிது. ஊர்ப் பாடற்குழுவிலோ விளையாட்டுக் கழகத்திலோ போய்ச் சேர்ந்தவரே மொழியோடு திரும்புகின்றனர்.

நம் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அவர் தாய்மொழிக்குச் சந்தையில் விலையுண்டு. ஆதலின் அயலார் மொழியைக் கல்லாமலே காலந்தள்ள முடிகிறது. நம் தாய்மொழிக்கு இந்நகரச் சந்தையில் விலையில்லை. ஆதலின் காய்கறிக் கடையிலும் அலுவலகத்திலும் ஊர் மொழியைக் கற்றுக்கொண்டோம், நம் பிள்ளைகள் மூன்று மொழி பேசுகின்றனர். விலையில்லாமை நமக்குச் செய்த நன்மை இது. அதுவே செய்யும் தீமையையும் மறைப்பதற்கில்லை. ‘தமிழ் படித்து என்ன கிடைக்கும்?’ என்று வீட்டுப் பிள்ளை கேட்கும்போது, சம்பளத்தைக் காட்டி விடை சொல்ல அவ்வமெரிக்கரால் முடியும், நம்மால் முடியாது. வேறு விடை வைத்திருக்கிறோமா? இச்சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்த முன்வருவோர் இவ்வினாவை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

நிற்க. ஏழு மாதம் விரைவில் கழிந்துவிடும். ஏறத்தாழ ஆறேழு வாரத்துக்கொருமுறை இரண்டு வார விடுமுறை வருவதால், மலிவான ரயிலிலும் பேருந்திலும் ஐரோப்பாவைச் சுற்றியவர்க்கு இன்னும் விரைவாகக் கழியும். ஏப்ரல் இறுதியில் பிள்ளைகள் வண்ணத் தாளில் வாழ்த்தெழுதித் தருவர். அறையைக் காலி செய்யவும் கணக்கை முடிக்கவும் மறுபடி கடிதங்கள் எழுத வேண்டும். இம்முறை அவற்றைத் தாமே பிரெஞ்சில் எழுதிவிடுவார். அரசு மருத்துவக் காப்புக்குரிய பச்சை அட்டைக்கு முதல் மாதத்திலேயே விண்ணப்பித்திருப்பார். அது சிலருக்குப் பெட்டி கட்டும் வாரத்தில்தான் அஞ்சலில் வந்து சேர்கிறது. அத்தகையோருள் இரண்டாம் ஆண்டுக்கு மீண்டும் விண்ணப்பிப்போரும் உண்டு.