உரலில் இட்ட கையும் உலக்கை பிடித்த கையும்

ஈழத்துக் கிராமங்களில் ஒருத்தி உலக்கை பிடித்து நெற்குத்த, மற்றொருத்தி உரலின் அருகே குந்தியிருந்து, விளிம்புக்கு ஏறிவரும் நெல்லைக் கையால் உள்ளே தள்ளிவிடுவது வழக்கமாயிருந்தது. உலக்கை மேலெழும்போது கை உட்செல்லும். உலக்கை இறங்குமுன் கை வெளியே வந்துவிடும். விரல் நசுங்கியதே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அஃது அன்றாட நிகழ்ச்சி அன்று. அதற்குக் கைத்திறன் மட்டும் காரணம் ஆகாது. உலக்கை பிடித்தவள், உரலில் இட்ட கையைத் தன் கண்ணாலே கண்டுகொண்டு நின்றாள். அது தன் மாமியின் கை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டுக்கல்லிலோ இன்னும் நெருங்கிய உறவு. ஒரே ஆளின் வலக்கை குழவியைச் சுழற்ற, இடக்கை மாவைத் தள்ளும். அவள் களைத்து நின்றால் குழவியும் நின்றுவிடும்.

உணவைப் பெருமளவில் ஆக்கும் தொழிற்சாலைகள் தோன்றியபோது இந்த உறவு அறுந்தது. பொறியை இயக்கும் ஆளி ஓரிடத்தில் இருக்கிறது. பொறியின் வயிற்றுக்குள் கைவிட்டு ஒட்டிய மாவைச் சுரண்டுபவர் வேறோரிடத்தில் இருக்கிறார். இருவருக்கும் இடையே சுவரும், இரைச்சலும், நீராவிப் புகையும் நிற்கின்றன. பொத்தானை அழுத்துபவர் உள்ளே கை ஒன்று இருப்பதை அறியார். இக்காலத்துப் பொறிகளிற் பல, மனிதர் எவரும் அழுத்தாமலே, கணினியின் கட்டளைப்படி தாமே ஓடத் தொடங்குவன. அறுந்த உறவை மீண்டும் பிணைப்பதற்குத் தொழில் உலகம் கண்டெடுத்த வழி, வியப்புக்குரிய வகையில், மிகவும் பழையதொரு பொருள்: ஓர் ஆமைப்பூட்டும் அதன் திறப்புமே அவை.

பொறி ஓடும்போதுதான் ஆபத்து என்று எண்ணுவது மக்கள் இயல்பு. ஓடும் பொறியைக் கண்டு எவரும் ஒதுங்கி நிற்பர். அதன் பற்சக்கரங்களுக்கும் வார்களுக்கும் காப்புக் கூடுகளும் உண்டு. கூட்டைக் கழற்றிவிட்டுத் துப்புரவு செய்ய, அல்லது சிக்கியதை எடுக்க, நின்றுபோன பொறியினுள் கையிடும் வேளையே கொடியது. உணவுத் தொழிற்சாலைக்கு இவ்விடர் ஏனைய தொழிற்சாலைகளைக் காட்டிலும் அடிக்கடி நேர்கிறது. ஆணி செய்யும் பொறியை மாதக்கணக்கில் கழுவாமல் விட்டாலும் ஆணிக்குக் கேடில்லை. இறைச்சி அரைக்கும் பொறியை, பாண் மாப் பிசையும் தொட்டியை, பழச்சாறு பிழியும் கருவியை நாள்தோறும் கழற்றிக் கழுவியாக வேண்டும். கழுவாவிடில் நோய் பரவும். மாவோ ஒட்டுவது, கொழுப்போ வழுக்குவது, காத்திருந்தால் உணவு கெட்டுவிடும் என்ற அவசரம் வேறு. இவை யாவும் சேர்ந்து கையை உள்ளே அழைக்கின்றன.

கணக்கைச் சிறிது பார்க்கலாம். இலங்கையின் மின்னோட்டத்தில் இயங்கும் சாதாரண மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 முறை சுழலும். அஃதாவது ஒரு வினாடியில் 24 சுற்று. ஆபத்தைக் கண்ட மனிதன் கையை இழுக்கத் தொடங்குவதற்கே கால் வினாடி செல்லும். அதற்குள் மோட்டாரின் அச்சு 6 முறை சுற்றிவிடும். மெதுவாகச் சுழலும் பொறி சாது என்று எண்ணுவதும் பிழை. தானியத்தைத் தள்ளிச் செல்லும் திருகு ஒன்று வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றி, சுற்றுக்கு 20 சென்ரிமீற்றர் தூரம் பொருளை முன்னே தள்ளுவதாயின், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ளிழுக்க அதற்கு இரண்டு வினாடிக்குச் சற்று மேல் போதும். கவனமாயிருங்கள் என்று சுவரில் எழுதிவைப்பது நல்ல எழுத்துப் பயிற்சியே அன்றி வேறில்லை. எத்துணைக் கவனமுள்ளவனும் கால் வினாடியை வெல்ல இயலாது.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், சாந்தா பே ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில், பம்பிள் பீ நிறுவனத்தின் ரின் மீன் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ரின்னில் அடைத்து மூடிய மீனை நீராவியின் அமுக்கத்தில் வேகவைத்தால்தான் அதிலுள்ள நுண்கிருமிகள் அழியும். அதற்காக 35 அடி நீளமான உருளை அடுப்புகள் அங்கே இருந்தன. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள், தொழிலாளி ஒருவர் அவ்வடுப்பொன்றினுள் நுழைந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவரைக் காணாத சக தொழிலாளி, அவர் மலசலகூடத்துக்குச் சென்றிருப்பார் என்று எண்ணிவிட்டார். 12,000 இறாத்தல் மீன் உள்ளே ஏற்றப்பட்டது, கதவு மூடப்பட்டது, நீராவி திறக்கப்பட்டது. வெப்பம் 270 பாகை பரனைற்றை எட்டியது. இரண்டு மணி நேரத்தின் பின்னரே அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இலர். கதவை மூடியவர் தம் கடமையைச் செய்தார். நேரத்தை வீணாக்காத நல்ல தொழிலாளி என்றுகூட அவரைச் சொல்லலாம். உலக்கை பிடித்த கைக்கு உரலில் இட்ட கை தெரியவில்லை, அவ்வளவே. அந்த அடுப்பின் நீராவி வால்வில் உள்ளே சென்றவரின் பூட்டு ஒன்று தொங்கியிருந்து, அதன் திறப்பு அவருடைய சட்டைப்பையில் இருந்திருப்பின், கதவை மூடியவர் அவரைத் தேடித்தான் ஆகவேண்டும். வழக்கு நடந்து 2015ஆம் ஆண்டு நிறுவனம் 60 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது. அதில் 30 இலட்சம், மனிதர் உள்ளே காலடி வைக்கத் தேவையில்லாத புதிய அடுப்புகளை அமைப்பதற்கென்று ஒதுக்கப்பட்டது. ஒரு பூட்டின் விலை இதில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிடுவது பள்ளி மாணவருக்கு ஏற்ற பயிற்சி ஆகும்.

ஆளியை அணைத்தால் போதாதா என்று நேயர்கள் வினவலாம். போதாது. அணைத்ததை மற்றொருவர் மறுபடியும் போடலாம். அபாய வேளைக்கென்று பொறியில் வைத்திருக்கும் சிவப்புப் பொத்தான் ஓட்டத்தை நிறுத்துமே அன்றி, மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. ‘தொடாதே, ஆள் உள்ளே’ என்று அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. நீரும் சவர்க்கார நுரையும் ஓடும் உணவுத் தொழிற்சாலையில் அட்டை எழுத்து ஒரே இரவில் கரைந்துபோகும். கரையாவிடினும், சிங்களத்தில் எழுதியதைத் தமிழர் படியார். தமிழில் எழுதியதைச் சிங்களவர் படியார். பூட்டுக்கு மொழி வேண்டியதில்லை. பெயரையும் படத்தையும் தாங்கிய அட்டை பூட்டுக்குத் துணையாக வரலாம். பூட்டின் வேலையை அது செய்துவிடாது.

முறை இதுதான். பொறியைத் தொடுமுன் அதில் வேலை செய்வோர் அனைவருக்கும் சொல்லிவிட வேண்டும். வழக்கம்போல் பொறியை நிறுத்தி, பின்னர் அதற்கு வலு வந்து சேரும் மூலத்தை, மின்சாரமாயின் பிரதான ஆளியை, நீராவியாயின் வால்வை, அடைத்துப் பூட்டவேண்டும். ஒருவருக்கு ஒரு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே திறப்பு. அது அவருடைய மடியிலேயே இருக்கவேண்டும், மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் அன்று. நால்வர் வேலை செய்தால் நான்கு பூட்டு. பல துளைகள் உள்ள இரும்புக் கொளுவி ஒன்றை ஆளியில் மாட்டி, ஒவ்வொருவரும் தத்தம் பூட்டை அதில் இடுவர். மூவர் வேலை முடித்து மூன்று பூட்டுகளைக் கழற்றிச் சென்றாலும், நான்காமவரின் கை உள்ளே இருக்கும்வரை அவர் பூட்டு அங்கே தொங்கும், பொறி அசையாது. மேலதிகாரி ஆயினும், நிறுவனத்தின் உரிமையாளரே ஆயினும், அதைக் கழற்றும் உரிமை அவருக்கு இல்லை. தொழிற்சாலை ஒன்றில் சாதாரணத் தொழிலாளி முதலாளிக்கு மேலான அதிகாரம் பெறும் இடம் அந்தச் சிறு துளை ஒன்றே போலும்.

பூட்டிய பின்னரும் இரண்டு காரியங்கள் எஞ்சியுள்ளன. பலர் வழுவுவது இங்கேதான். முதலாவது, பொறியினுள் தேங்கியிருக்கும் வலு. மின்சாரம் நின்ற பின்னும் கனத்த வெட்டுச் சக்கரம் சிறிது நேரம் தானே சுழலும். குழாய்களில் அமுக்கிய காற்று அடைபட்டிருக்கும். உயர்த்திய தொட்டி தன் பாரத்தினாலேயே கீழே விழும். வெப்பமும் அவ்வாறான தேக்கமே. 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பெரியதொரு பாண் தொழிற்சாலையில், பழுது பார்ப்பதற்காக இருவர் ஓடுபட்டியின் மேலேறி அடுப்பினுள் அனுப்பப்பட்டனர். 12 மணி நேரம் ஆறவிட வேண்டிய அடுப்பு அது. 2 மணி நேரமே ஆறியிருந்தது. இருவரும் மாண்டனர். அங்கே அடுப்பு அணைக்கப்பட்டுத்தான் இருந்தது. இரண்டாவது, சோதித்தல். பூட்டிய பின் பொறியை ஓட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். வரிசையாக நிற்கும் ஆளிகளில் பக்கத்துப் பொறியின் ஆளியைப் பூட்டிவிட்டு, பூட்டாத பொறியினுள் கைவிட்டவர்கள் உண்டு.

அமெரிக்க அரசாங்கம் இம்முறையை 1989ஆம் ஆண்டு சட்ட விதியாக்கியது. அவ்விதியை ஒழுங்காகக் கைக்கொண்டால் ஆண்டுதோறும் 120 உயிரிழப்புகளையும் 50,000 காயங்களையும் தடுக்கலாம் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் திணைக்களத்தின் மதிப்பீடு. எனினும் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு. நள்ளிரவில் குழாயும் தூரிகையும் ஏந்தி நிற்பவனின் கையில் பூட்டு இருப்பது வேறு. அந்நாட்டு இறைச்சிச் சாலைகளிற் பலவற்றில் பகல் வேலையாட்கள் சென்ற பின்னர், ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் இரவில் வந்து கழுவுவர். அத்தகைய நிறுவனம் ஒன்று 13 முதல் 17 வயது வரையான 102 சிறுவர்களை, 8 மாநிலங்களிலுள்ள 13 தொழிற்சாலைகளில் அவ்வேலைக்கு வைத்திருந்ததாகக் கண்டறியப்பட்டு, 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் 15 இலட்சம் டொலர் தண்டம் செலுத்திற்று. அதே ஆண்டு யூலையில் மிசிசிப்பி மாநிலத்தில், கோழி இறைச்சியிலிருந்து எலும்பை நீக்கும் பொறியைத் துப்புரவு செய்த 16 வயதுச் சிறுவன் ஒருவன் அதனுள் இழுக்கப்பட்டு இறந்தான். பொறியின் வலு துண்டிக்கப்படவும் இல்லை; பூட்டப்படவும் இல்லை.

இதிலே வரலாறு படிப்பவர் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் 1844ஆம் ஆண்டு இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், பொறிகளுக்கு வேலியிடவேண்டும் என்று விதித்ததோடு, சிறுவரும் இளையோரும் ஆலையின் இயக்கச் சக்கரங்களை அவை ஓடும்போது துப்புரவு செய்யலாகாது என்றும் தடுத்தது. பஞ்சாலைகளைக் கருதி எழுந்த சட்டம் அது. அன்று முதல் 2023 வரை 179 ஆண்டுகள் சென்றன. நீராவி மின்சாரமாயிற்று, மின்சாரம் கணினிக்கு அடங்கிற்று, தூரிகை பிடித்த சிறுவன் மட்டும் அங்கேயே நின்றான்.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொறிகளின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று விதித்தது. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் உருட்டு மேசைகளும் சலிப்பான்களும், அரிசி ஆலைகளின் உயர்த்திகளும், நகரத்துப் பேக்கரிகளின் மாப் பிசையும் தொட்டிகளும் இச்சட்டத்தின் கண்ணுக்குள் வருவன. வேலி ஓடும் பொறிக்குக் காவல். வேலியைத் திறந்து உள்ளே புகுந்தவனுக்குக் காவல் பூட்டு. தமிழிற் காப்பு என்னும் சொல் கையில் அணியும் வளையத்தையும் குறிக்கும், பாதுகாப்பையும் குறிக்கும். பொறிக்கு அணிந்த காப்பு கையின் காப்பு ஆகாத வேளையும் உண்டு என்பதை அச்சொல் சொல்லவில்லை.

நவராத்திரியின் முடிவில் ஆயுத பூசையன்று பொறிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது சைவத் தொழிலாளர் வழக்கம். அன்று பிரதான ஆளி அணைந்திருக்கும். வேலை இல்லையாதலால் எவரும் அதைப் போடமாட்டார். மறுநாள் முதல் அதே பொறியை அதே கைகள் கழுவும்போது அந்த நிம்மதி இல்லை. ஐந்து நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் பூட்டித் திறப்பதா என்று மேற்பார்வையாளர் முணுமுணுப்பார். நாளைக்கு இத்தனை மூடை என்று கணக்குக் கேட்பவர் அவருக்கு மேல் ஒருவர் இருக்கிறார். பூட்டும் நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணிச் சம்பளம் கொடுக்காத இடத்தில், எத்தனை பூட்டு வாங்கிக் குவித்தாலும் அவை அலுமாரியிலேயே கிடக்கும்.

கிராமத்து மிளகாய் அரைக்கும் மில்லில் ஒருவரே முதலாளி, ஒருவரே தொழிலாளி. அவருக்குக் கொளுவியும் வேண்டியதில்லை, நான்கு பூட்டும் வேண்டியதில்லை. சிறிய பொறியாயின், செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் தலை எப்போதும் தம் கைக்கெட்டும் இடத்தில், தம் கண் முன்னே இருக்க வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். பெரிய பொறியாயின், சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டி ஆளியைப் பார்க்கவேண்டும். அவ்வகை ஆளிகளிற் பலவற்றின் கைப்பிடியருகே, அணைந்த நிலையில் பூட்டு மாட்டுவதற்கென்று ஒரு துளை உண்டு. அஃது எதற்கென்று அறியாமல் பல்லாண்டு பொறி ஓட்டியவர் உளர். பூட்டு வாங்கக் கடைக்குப் போகுமுன் அத்துளையின் அளவை எடுத்துச் செல்வது நன்று. வாயிற் கதவுக்கு விற்கும் தடித்த வளையமுள்ள ஆமைப்பூட்டு அதனுள் நுழையாது.