சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு

கத்திக்கு அஞ்சாத உடம்பு இல்லை. ஆழ்கடலிலே புயலோடு பொருது மீண்ட மீனவனும், நள்ளிரவிற் காட்டுவழியே தனித்து நடக்கும் கமக்காரனும், வைத்தியசாலைக் கட்டிலிலே படுத்து, "நாளைக் காலை உமக்குச் சத்திரசிகிச்சை" என்னும் சொல்லைக் கேட்டதும் உள்ளம் கலங்குவதுண்டு. இதனைக் கோழைத்தனம் என்று இகழ்தல் தகாது. உயிரைக் காத்தற்பொருட்டு இயற்கை அமர்த்திய காவலாளியே அச்சம். ஆயினும், வீட்டைக் காக்க வந்த காவலாளி வீட்டுக்காரனையே வெளியே துரத்தத் தொடங்கினால், அவனை அடக்கி வைக்கத்தான் வேண்டும்.

அச்சம் அவ்வாறு துரத்துவதும் உண்டு. அடிவயிற்றிலே குடலிறக்கம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். குறித்த நாளிலே, உடல்நலம் நன்றாயிருக்கும்போது செய்துகொண்டால், அது பெரும்பாலும் இலகுவாக முடியும் சிகிச்சை. அவரோ, "தைப்பொங்கல் கழியட்டும், மகளின் கலியாணம் ஒப்பேறட்டும்" என்று நாளைக் கடத்துகின்றார். இறங்கிய குடல் ஒருநாள் சிக்குண்டு, அதன் இரத்தவோட்டம் தடைப்படுமாயின், ஆயத்தம் எதுவுமின்றி, முன்னையதிலும் பெரிய சத்திரசிகிச்சையை நள்ளிரவிலே செய்ய நேரிடும். கத்திக்கு அஞ்சியவர் கத்திக்குத் தப்பவில்லை. நல்ல வேளையையே இழந்தார். ஆகவே இவ்வச்சத்தை ஆளும் வகையை அறிதல் உயிரோடு தொடர்புடைய காரியமாகும்.

முற்காலத்தவர் அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்ணி அம்மையாருக்கு 1811 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30 ஆந் திகதி பாரிஸ் நகரிலே மார்பகத்திற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் நெப்போலியனின் படைவைத்தியராகிய லறே என்பவர். அக்காலத்தில் மயக்கமருந்து இல்லை. சிறிதளவு மதுபானமே கொடுக்கப்பட்டது. காத்திருக்கும் வேதனையைக் குறைக்க எண்ணிய வைத்தியர்கள், அன்று காலையிலேதான் அவருக்குச் செய்தி அனுப்பினர். அம்மையார் அதன்பின் செய்தது கவனிக்கத்தக்கது. சிகிச்சைக்கென ஒழுங்குசெய்த அறையை எட்டிப் பார்த்துப் பின்வாங்கினார். சற்று நேரத்தில் அறியத்தானே போகின்றோம், அதனை மறைத்து என்ன பயன் என்று தேறி, மீண்டும் உள்ளே சென்றார். குவிந்திருந்த கட்டுத்துணிகளைக் கண்டு தலை சுற்றியபோதும், உள்ளம் அடங்கும்வரை அங்குமிங்கும் நடந்தார். இவற்றையெல்லாம் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்திலே விவரித்துள்ளார். சிகிச்சையின் பின் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840 இலேதான் காலமானார்.

இக்கொடுமைக்கு முடிவு கட்டியது ஈதர் என்னும் மருந்து. 1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி, அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், மோர்ட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதரை முகரச் செய்து ஒருவரை மயக்க, அவர் கழுத்திலிருந்த கட்டியைச் சத்திரவைத்தியர் அகற்றினார். அடுத்த ஆண்டிலே குளோரோபோமும் வந்தது. கத்தியின் நோவு ஒழிந்தது. ஆனால், கத்தியைப் பற்றிய அச்சம் இன்றுவரை ஒழியவில்லை.

காரணம் யாது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். இருட்டு நீங்கும்வரை பேயும் நீங்காது. ஆதலால் முதலிலே, எதற்கு அஞ்சுகின்றோம் என்பதைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தல் நலம். "மயக்கத்திலிருந்து விழிக்காமற் போனால்?" என்பது ஒருவர் அச்சம். மற்றும்படி உடல்நலமுள்ளவர் மயக்கமருந்தினாலே மட்டும் இறத்தல் இக்காலத்தில் மிக மிக அரிது. மருந்து கொடுக்கும் வைத்தியர் தம் வேலை முடிந்ததென்று போய்விடுவதில்லை. சிகிச்சை முடியுந்தனையும் நோயாளியின் மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுக்கம், இரத்தத்திலுள்ள ஒட்சிசன் ஆகியவற்றைக் கவனித்தவண்ணம் இருக்கின்றார். "விழித்தபின் நோவைத் தாங்குவேனா?" என்பது இன்னொருவர் அச்சம். நோவு முற்றுமுன் தாதியிடம் சொன்னால், அதற்கு மருந்து உண்டு. வேறு சிலரை வாட்டுவது உடம்பைப் பற்றிய அச்சமன்று. பிள்ளைகளை யார் பார்ப்பார், கடை திறக்காத நாட்களுக்கு வருவாய் ஏது என்னும் கவலையே. அதற்குப் பரிகாரம் மருந்தன்று, உறவினரின் கைகொடுப்பு.

அறிவூட்டலே அச்சந் தீர்க்கும் என்பது வெறும் உபசார வார்த்தை அன்று. ஈதர் வெற்றி கண்ட அதே பொஸ்ரன் வைத்தியசாலையிலே, எக்பேட் என்னும் மயக்கமருந்து வைத்தியரும் அவர்தம் தோழரும் வயிற்றிலே சத்திரசிகிச்சை பெறவிருந்த 97 பேரிடையே ஓர் ஆராய்ச்சி செய்து, 1964 இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பே நிகழ்ந்தது. மற்றையோரிடம் வைத்தியர் முன்னிரவே சென்று, விழித்தபின் எங்கே நோகும், அது எவ்வளவு நாள் இருக்கும், தசைகளை எவ்வாறு தளர்த்துவது, எவ்வாறு மூச்செடுப்பது, கைகால்களை ஊன்றி எவ்வாறு புரண்டு படுப்பது என்பவற்றைச் சொல்லிக் கொடுத்தார். எவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதைச் சத்திரவைத்தியர்கள் அறியார். பெற்ற பலன் யாதெனில், சொல்லிக் கொடுக்கப்பட்டோருக்கு வேண்டியிருந்த நோவு மருந்து ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. அவர்கள் சராசரி 2.7 நாட்கள் முந்தியே வீடு திரும்பினர். காசு செலவில்லாத ஒரு மருந்து இவ்வளவு வேலை செய்தது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என நால்வகைக் கூறுகளை வகுத்தார். நோயாளி வெறுமனே கிடக்கும் பொருளல்லன். வைத்தியத்தில் அவனுக்கும் பங்குண்டு.

அப்பங்கிலே முதலாவது, கேட்டல். இச்சிகிச்சை எதற்காக, செய்யாவிடின் என்ன நேரும், வேறு வழியுண்டா, எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவாகாது. மறந்துபோகாதிருக்கக் கேள்விகளை ஒரு கடதாசியில் எழுதிவைத்தல் நன்று. இரண்டாவது, மறையாது சொல்லல். உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், முன்னர் செய்த சிகிச்சைகள், புகை, மதுப் பழக்கங்கள், கட்டுப்பல் யாவற்றையும் சொல்லவேண்டும். அச்சம் மிகுதியாயின் அதனையும் சொல்லலாம். அதனைத் தணிக்கவும் மருந்துண்டு. மூன்றாவது, சொன்னபடி நிற்றல். மயங்கிய நிலையில் இரைப்பையிலுள்ள உணவு மேலெழுந்து சுவாசப்பைக்குட் செல்லக்கூடும். வெறுவயிற்றோடிருக்கச் சொல்வது அதனாலேயே. "பாவம், பசித்திருக்கின்றாரே" என்று இரகசியமாகப் பால்தேநீர் பருக்கும் அன்பு, ஆபத்தான அன்பு.

மற்றுமொன்று. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் செல்லும்போது, "உமது பெயர் என்ன? எந்தப் பக்கத்தில் சிகிச்சை?" என்று ஒருவர் மாறி ஒருவர் வினவுவர். "இவர்களுக்கே தெரியாதோ!" என்று நோயாளி திகைத்தல் வேண்டா. தவறு நிகழாதபடி உலக சுகாதார தாபனம் 2008 இல் வகுத்த சரிபார்ப்பு முறையில் இதுவும் ஒன்று. எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் அம்முறையைக் கைக்கொண்டபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்ததென 2009 இல் அறிவிக்கப்பட்டது.

இனி, அருகிருப்போர் பங்கு. பார்க்க வருவோர் சிலர், ஊரில் எவருக்கோ நேர்ந்த விபரீதங்களைக் கட்டிலருகே நின்று விரித்துரைப்பர். வேறு சிலர், "ஒன்றுமில்லை, எறும்பு கடித்தாற் போலத்தான்" என்று பொய்த் தைரியம் ஊட்டுவர். இரண்டும் தீங்கே. விழித்ததும் நோவை உணரும் நோயாளி, ஏதோ பிழைத்துவிட்டது என்று நடுங்குவான். குழந்தைக்குங்கூட, "கடைக்குப் போவோம்" என்று சொல்லி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாகாது. அதற்கு விளங்கும் சொற்களிலே உண்மையைச் சொல்லவேண்டும்.

விளங்கும் சொற்கள் என்பதே இங்கு உயிர்நாடி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்து, சத்திரவைத்திய நூல் உட்பட மேனாட்டு நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். தாய்மொழியிற் கற்ற வைத்தியன், நோயாளியின் தாய்மொழியிலே அவனுக்கு விளக்கவும் வல்லவனாவான். பரபரப்பு மிகுந்த விடுதியிலே வைத்தியருக்கு நேரம் அரிதாயினும், ஐந்து நிமிடம் கட்டிலருகே நின்று சொல்லும் சொல் வீண்போகாது.

இத்தனையும் செய்தபின்னும் முந்திய இரவிலே நெஞ்சு சிறிது படபடக்கவே செய்யும். அப்போது கண்ணை மூடி, மூச்சை ஆறுதலாக இழுத்து, இழுத்ததிலும் மெல்ல வெளிவிட்டுப் பழகலாம். மறுநாள் சுவாசப்பையில் சளி தேங்காதிருக்க உதவுவதும் அந்த ஆழ்ந்த மூச்சே. விடுதியிலே விளக்குகள் தணிந்த பின்னும் தாதி விழித்திருக்கின்றார். கேட்க மறந்த கேள்வி ஏதும் இருந்தால், அவரை அழைத்துக் கேட்டுவிட்டு உறங்கலாம்.