பதினான்காம் நாள் வரை



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் இருமல். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்புக் குச்சிக் கிருமிகள் தெரிகின்றன. டி.பி. மாத்திரை தொடங்குகிறார்கள். மூன்று மாதமாகியும் எடை ஏறவில்லை. "மாத்திரையை ஒழுங்காப் போட்டாத்தானே?" என்று வீட்டில் அவரைத்தான் கடிந்துகொள்கிறார்கள். அவர் ஒருநாள்கூட விட்டிருக்க மாட்டார். கிருமியே வேறாக இருக்கலாம்.

காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமிகள் நிறைய உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாக என்.டி.எம். என்பார்கள். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. பழைய டி.பி.யாலோ ஆலைத் தூசியாலோ நொந்த நுரையீரலில் எளிதாகக் குடியேறிவிடும்.

நம் பகுதிக்கு இவை புதியவை அல்ல. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே திகைக்க வைத்தது. சுற்றுப்புறத்து என்.டி.எம். கிருமிகளோடு உடல் முன்பே பழகிவிட்டதும் காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். அதே பகுதியின் மண்ணிலும் தண்ணீரிலும் தூசியிலும் சளியிலும் இக்கிருமிகளைப் பிரித்தெடுத்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது.

டி.பி. கிருமியும் என்.டி.எம். கிருமியும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். அங்கே கிருமி தெரிந்து, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் டி.பி. இல்லை என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்து அதன் இனத்தைக் கண்டறிய வேண்டும். ஒருமுறை வளர்ந்தால் போதாது. தண்ணீரிலிருந்தும் வந்து ஒட்டியிருக்கலாம். அதனால் தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது வளர வேண்டும்.

அடுத்தது, எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை. உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். குழிக்குக் குழி மருந்தின் அளவு இரட்டிப்பாகும். கிருமி வளர்ந்த குழி கலங்கியிருக்கும், அடங்கிய குழி தெளிந்திருக்கும். என்.டி.எம். கிருமிகளில் அப்செசஸ் என்ற இனத்துக்குக் கிளாரித்ரோமைசின் மருந்தை வைத்துப் பார்த்தால், சில நாளில் குழிகள் தெளிவாக இருக்கும். மருந்து கேட்கிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் மருந்து மேலே பட்ட பிறகே எதிர்ப்பைக் கிளப்பும் மரபணு ஒன்று இந்த இனத்தில் பலவற்றுக்கு உண்டு. அதனால்தான் பதினான்காம் நாள் வரை தட்டை வைத்திருந்து மறுபடி பார்க்கிறார்கள். தெளிந்திருந்த குழி அப்போது கலங்கிப்போயிருக்கலாம். அந்தக் காத்திருப்பைத் தாமதம் என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். ஏவியம் என்ற இன்னொரு என்.டி.எம். வகைக்கோ கிளாரித்ரோமைசின், அமிக்காசின் முடிவுகளையே பெரிதும் நம்பலாம். ரிஃபாம்பிசினுக்குத் தட்டில் வரும் முடிவு நோயாளியின் உடம்பில் அப்படியே பலிப்பதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தீராத இருமலுக்கு மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கி நீங்களாகவே விழுங்காதீர்கள். அதுவும் கிளாரித்ரோமைசின் குடும்பம்தான். அதைத் தனியாக உட்கொண்டால் ஏவியம் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும்; பிறகு முக்கியமான மருந்தே கைவிட்டுப் போகும். நுரையீரல் என்.டி.எம். நோய்க்குச் சளியில் கிருமி வளர்வது நின்ற பிறகும் பொதுவாக ஓராண்டு மருந்து தொடர வேண்டியிருக்கும். டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், "கல்ச்சரில் எந்தக் கிருமி வந்தது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.