தூது ஆர்.என்.ஏ.யும் தில்லித் தக்காளியும்

(தில்லியில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரை)



தக்காளி அமோகமாக விளைந்தால் விலை வீழ்கிறது. விற்காத பழமோ சில நாள்களில் குழைந்துவிடுகிறது. வெளிமாநிலங்களிலிருந்து தில்லி ஆசாத்பூர் சந்தைக்கு வரும் பழம் வழியிலேயே நைந்து போனால், அந்த இழப்பு உழவர் பெறும் விலையில்தான் கழிகிறது. இவ்விழப்பைக் குறைக்கும் ஒரு வழி, பழத்தின் செல்களுக்குள்ளேயே உண்டு என்பதை இந்நகரின் ஆய்வுக்கூடம் ஒன்று காட்டியுள்ளது. அதை விளங்கிக்கொள்ள, தூது ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறின் பணியை முதலில் அறிதல் வேண்டும்.

அலுவலகத்தின் மூலக்கோப்பை எவரும் வெளியே அனுப்புவதில்லை. வேண்டிய பக்கத்தைப் படியெடுத்தே அனுப்புகிறோம். செல்லும் அவ்வாறே செய்கிறது. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. மூலக்கோப்பு, அதிலிருந்து எடுக்கப்படும் படியே தூது ஆர்.என்.ஏ. ரைபோசோம்கள் அப்படியை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தை ஆக்குகின்றன. இத்தகைய தூது உண்டென்பது 1961ஆம் ஆண்டில் சோதனைகளால் நிறுவப்பட்டது. மரபுக் குறியீட்டை விளக்கியதற்கான 1968ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பெற்ற மூவருள், பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர்.

இத்தூதின் சிறப்பே அதன் நிலையாமைதான். பாக்டீரியாவில் அதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்களே. நம் செல்களில் மணிக்கணக்கிலும், சில வேளைகளில் நாள்கணக்கிலும் அது நீடிக்கலாம். பழைய ஆணைகள் அழிந்தால்தானே புதியவை செல்லுபடியாகும்? எனவே படியெடுத்தல், படித்தல், அழித்தல் ஆகிய மூன்று நிலைகளிலும் செல் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது.

அழித்தலின் ஒரு முறையை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் வெளியிட்டனர். அதற்காக 2006இல் நோபெல் பரிசு பெற்றனர். இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லுக்குள் வந்தால், அது சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுகள், தமக்குப் பொருந்தும் தூதைத் தேடிப் பிடித்துச் சிதைக்க வழிகாட்டுகின்றன. மரபணு அப்படியே இருக்கிறது. அதன் ஆணை மட்டும் போய்ச் சேருவதில்லை.

தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆசிஸ் தத்தா உள்ளிட்ட அறிவியலாளர்கள் இம்முறையைத் தக்காளியில் கையாண்டனர். பழம் கனியும்போது பெருகி, அதை மென்மையாக்குவதில் பங்கு கொள்ளும் இரு நொதிகளின் தூதுகளைத் தனித்தனியே அடக்கினர். பழத்தின் உறுதி ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்காயிற்று; கெடாதிருக்கும் காலம் ஏறத்தாழ 30 நாள்கள் நீண்டது. இம்முடிவுகள் 2010 பிப்ரவரியில் வெளிவந்தன.

அதே மாதத்தில்தான் பி.டி. கத்தரிக்காய்க்கு மத்திய அரசு தடை விதித்தது. பி.டி. கத்தரியில் பூச்சியைக் கொல்லும் புதிய புரதம் உண்டாகிறது. தத்தா குழுவினரின் தக்காளியிலோ, பழம் உறுதி பெறுவதற்காகப் புதிய புரதம் எதுவும் உண்டாக்கப்படவில்லை. ஆயினும், தூதை அடக்கும் கட்டமைப்பு செடியின் மரபணுத்தொகுதியில் செலுத்தப்படுவதால், இரண்டிற்கும் 1989ஆம் ஆண்டு விதிகளே பொருந்தும். இன்றும் நம் நாட்டில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபு மாற்றப் பயிர், 2002இல் அனுமதி பெற்ற பருத்தி ஒன்றே.

விதிகள் ஒன்றாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றல்ல. புதிய புரதம் உண்டாகும் பயிரில், அது நச்சா, ஒவ்வாமை தருமா என்று கேட்கிறோம். தூதை அடக்கிய பயிரிலோ, அச்சிறு துண்டுகள் வேறு தூதுகளையும் அடக்குகின்றனவா, அடக்கம் தலைமுறைதோறும் நிலைக்குமா, பழத்தின் சத்தும் சுவையும் மாறுகின்றனவா என்றும் கேட்க வேண்டும். உறுதியாகத் தோன்றும் பழம் பழையதாகவும் இருக்கலாம் என்பதால், வாங்குவோர் நலனும் கருதத்தக்கது.

அறியாமல் அனுமதிப்பதும் தவறு. அறியாமல் மறுப்பதும் தவறு. கோப்பில் கையெழுத்திடும் அலுவலரும் நாளை ஆய்வுக்கூடத்தில் பணிபுரியப் போகும் மாணவரும், செல்லில் எது மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அந்தத் தெளிவு இருந்தால்தான், ஆய்வுக்கூடத்தில் கண்ட பயன் உழவரைச் சேருவதா வேண்டாமா என்பதைச் சான்றுகளைக் கொண்டு நாம் முடிவு செய்ய இயலும்.