பழைய வண்டியும் புதிய அடிச்சட்டமும்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரைக் காண வருவோர் அதன் சிற்பங்களையும் சீலைகளையும் கண்டு மகிழ்வர். அச்சாணியைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. இப்பழமொழியின் உண்மையை அமெரிக்க நாட்டின் மோட்டார்ப் பட்டறைகளிலும் காணலாம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கார்களின் மேலுடலை அப்படியே வைத்துக்கொண்டு, கீழேயுள்ள அடிச்சட்டத்தையும் சக்கரங்களைத் தாங்கும் வில்லமைப்பையும் புதுப்பிப்பது அங்கே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அதன் காரணமும் முறையுமே இன்றைய பேச்சின் பொருள்.

1964ஆம் ஆண்டு மாதிரிக் கார்களை வெளியிட்டபோது, ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பொண்டியாக் பிரிவினர் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்தனர். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்பது அந்நிறுவனத்தின் விதி. பொண்டியாக் பிரிவினரோ, பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல எஞ்சினை, வாங்குவோர் விரும்பினால் பெறத்தக்க மேலதிக வசதி என்று கூறி, நடுத்தரக் காரிலேயே அமைத்துவிட்டனர். ஜீ.ரீ.ஓ. எனப் பெயர் பெற்ற அக்காரின் வலு 325 குதிரைவலு. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, நியூயோர்க் உலகக் கண்காட்சியில் போட் நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகஞ் செய்தது. 1967ஆம் ஆண்டு மாதிரியாகச் செவ்ரலே கமாரோ வந்தது. இவற்றுள் பேராற்றல் வாய்ந்த எஞ்சின் பொருத்தியவற்றையே மசில் கார், அதாவது தசைவலு மிக்க கார், என்று மக்கள் அழைக்கலாயினர்.

எஞ்சினின் வலு பெருகிற்று. அவ்வலுவைத் தாங்கவேண்டிய உறுப்புகளோ, குடும்பத்தவர் கடைத்தெருவுக்குச் சென்றுவரும் சாதாரணக் காருக்குரியவையாகவே இருந்தன. மஸ்டாங், போல்கன் என்னும் சிக்கனக் காரின் உறுப்புகளைக் கொண்டே உருவாயிற்று. 1967ஆம் ஆண்டுக் கமாரோவின் பின் அச்சை, பக்கத்துக்கு ஒன்றாக ஒற்றைத் தகட்டு வில்லே தாங்கிற்று. அக்ஸிலரேற்றரை ஊன்றி மிதித்தால் அத்தகடு முறுகி மீளும். பின் சக்கரங்கள் தரையைப் பற்றாமல் துள்ளும். நான்கு சக்கரங்களுக்கும் வழக்கமாகக் கிடைத்தவை ட்ரம் பிறேக்குகள். அடுத்தடுத்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடியிழந்தன. 1966 வரை இத்தகைய கார்கள் பெரும்பாலானவற்றில் பிறேக் எண்ணெய் செல்லும் வழியும் ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். விரைந்து ஓட வல்ல வண்டிக்கு, விரைந்து நிற்கத் தெரியவில்லை. வளைவில் நிலைகொள்ளவும் தெரியவில்லை.

இக்குறையை அக்காலத்திலேயே உணர்ந்தவர்களும் இருந்தனர். முன்னாட் பந்தய வீரரான கரோல் ஷெல்பி, 1965ஆம் ஆண்டில் மஸ்டாங் காரைத் திருத்தி ஜீ.ரீ. 350 என்னும் காரை வெளியிட்டார். முன் சக்கரத்தைத் தாங்கும் மேற்கை உடலோடு இணையும் இடத்தை, அதில் ஓர் அங்குலம் கீழே இறக்கினர். அதனால் வளைவில் கார் சாயும்போது, வெளிப்பக்கச் சக்கரம் கூடவே சாய்ந்து ரயரின் விளிம்பில் ஓடாமல், நிமிர்ந்து நின்று தரையைப் பற்றிற்று. அவ்வாண்டே அக்கார் அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகத்தின் பந்தயங்களில் தன் வகுப்பில் வாகை சூடிற்று. மாற்றம் ஓர் அங்குலம், பயனோ பெரிது.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் மசில் கார்களின் காலத்தை முடித்துவைத்தன. எஞ்சிய கார்களை விரும்பிப் போற்றுவோர், அவற்றை இன்றைய சாலையில் நம்பிக்கையோடு செலுத்த வழி தேடினர்.

ஜீ.ரீ.ஓ. போன்ற கார்களில் உடல் வேறு, சட்டம் வேறு. ஆணிகளைக் கழற்றி உடலைத் தூக்கி, புதிய சட்டத்தின்மீது இறக்கிவிடலாம். பழைய சட்டம் பெரும்பாலும் 'ப' என்னும் எழுத்தைப்போல ஒரு பக்கம் திறந்தது. புதியது நாற்புறமும் மூடிய குழாய். காகிதக் குழாயொன்றை நீளவாக்கில் பிளந்து முறுக்கினால் எளிதில் முறுகும். பிளவை ஒட்டியபின் முறுக்கினால் எதிர்த்து நிற்கும். மூடிய சட்டத்தின் சிறப்பும் இதுவே. சட்டம் முறுகுமாயின் அதுவே ஒரு வில்லாகிவிடும். உண்மையான வில்லுக்கு எவ்வளவு செலவிட்டும் பயனில்லை.

கமாரோவின் அமைப்பு வேறு. முன்பாதிக்கு மட்டும் தனிச்சட்டமுண்டு. பின்பாதியில் உடலே சட்டமாகும். ஆதலின் முன் சட்டத்தை மாற்றுவதோடு, அதையும் பின்பகுதியையும் இணைக்கும் இரும்புத் தண்டுகளையும் பொருத்துவர். பின்னர், தகட்டு வில்லுக்குப் பதிலாக, ஷொக் அப்சோபரைச் சுற்றியே அமைந்த சுருள்வில்லும், அச்சை நிலைநிறுத்தும் நான்கு தண்டுகளும், டிஸ்க் பிறேக்குகளும் இடம்பெறும். 1974ஆம் ஆண்டு மாதிரியாக வந்த 'மஸ்டாங் இரண்டு' என்னும் சிறிய காரின் முன் அமைப்பு, இத்தகைய வேலைகளுக்குப் பலரும் பின்பற்றும் மாதிரியாயிற்று. எளிய காரொன்று வலிய கார்களுக்கு வழிகாட்டியது வியப்பன்றோ!

இவ்வுறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்றல் வேண்டும். நன்கு பற்றும் அகன்ற ரயர்களைப் பொருத்திவிட்டுப் பழைய சட்டத்தை அப்படியே விட்டால், வளைவின் விசை முழுவதும் அத்தளர்ந்த சட்டத்தைத் தாக்கும். முதலில் பிறேக், அடுத்துச் சட்டம், அதன்பின் வில், கடைசியிலேயே எஞ்சின் என்பது நல்ல ஒழுங்காகும். ஆர்வம் மிக்க இளைஞர் பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகின்றனர். அதன் விலையை அவர்கள் மட்டுமன்றி, வழியிற் செல்வோரும் கொடுக்க நேரிடும்.

தொன்மையை இது சிதைக்காதா என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானது. தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினும் உறுப்புகளும் மாறாமல் நிற்கும் கார் ஒரு வரலாற்று ஆவணம். அதை வெட்டுவதும் ஒட்டுவதும் தகாது. துருவேறிச் சட்டம் இற்று, எஞ்சினையும் இழந்து கிடக்கும் காருக்கோ, இம்முறை மறுவாழ்வாகும். இயன்றவரை ஆணிகளால் மட்டும் பொருத்தி, கழற்றிய உறுப்புகளைப் பேணி வைத்தால், பின்வருவோர் விரும்பும்போது பழைய நிலைக்கே மீட்டுக்கொள்ளலாம். மீட்க இயலாத மாற்றத்தைச் செய்யுமுன் பலமுறை எண்ணுதல் நன்று.

ஆற்றலைப் பெருக்குவதில் மனிதனுக்கு என்றும் ஆசையுண்டு. அதைத் தாங்குவது எது, தக்க இடத்தில் நிறுத்துவது எது என்று முதலிற் கேட்பவரே நெடுந்தூரம் செல்வர்.